திப்பு சுல்தான் கண்ட நாணயம்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிற் புழங்கும் காசையும் அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் அது குறிக்கும். காசு அடிக்கும் அரசன், இத்துணை எடையும் இத்துணை மாற்றும் உடைய பொன் இதில் உள்ளது என்று தன் குடிகளுக்கு வாக்குக் கொடுக்கின்றான். அந்த வாக்கின் அடையாளமே காசின் மேலுள்ள முத்திரை. ஆதலின் இவ்விரு பொருளும் ஓரிடத்தில் வந்து கூடியது தற்செயல் அன்று. மைசூர் வேங்கை எனப் போற்றப்பெறும் திப்பு சுல்தானை நாம் அவருடைய வாளைக் கொண்டே அறிந்திருக்கின்றோம். பள்ளி நாடகங்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அவர் என்றும் போர்க்கோலத்துடனேயே நிற்கின்றார். அவர் தம் அக்கசாலைகளில் ஆற்றிய பணியை எடுத்துரைப்போர் அரியர். இக்கட்டுரை அவ்வழியே அவர் வாழ்க்கையைக் காண முயல்கின்றது.

திப்பு, 1750ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார் என்பது பெரும்பாலோர் ஏற்ற செய்தி. தந்தையார் ஹைதர் அலி. தாயார் பாத்திமா பக்ருன்னிஸா. குழந்தைக்கு இட்ட பெயர் நம் தமிழகத்திலிருந்து சென்றது. ஆற்காட்டில் அடக்கமாகியுள்ள இறைநேசர் திப்பு மஸ்தான் அவுலியா அவர்களின் நினைவாகவே அப்பெயர் சூட்டப்பெற்றது. பாட்டனார் பத்ஹ் முஹம்மதுவும் ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபின் படையில் பணியாற்றியவர். ஆகவே, மைசூர் வேந்தரை நமக்கு முற்றிலும் அயலவர் என்று கொள்வதற்கில்லை.

திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் இன்று மகிழுந்துத் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிறைந்துள்ளன. அங்கே பணிமுறை மாறும் வேளையில் நெடுஞ்சாலையெங்கும் பேருந்துகள் வரிசையாக நிற்கும். அந்நெடுஞ்சாலை சென்னையிலிருந்து காஞ்சி, வேலூர் எல்லைகளைத் தொட்டு மைசூர் நாட்டை நோக்கிச் செல்வது. அந்நாளில் படைகள் நடந்த திசையும் அதுவே. 1767இல், பதினேழு வயதும் நிரம்பாத திப்பு, தம் போர்க்கலை ஆசான் காஜி கானுடன் குதிரைப்படை ஒன்றை நடத்தி வந்து சென்னையின் புறநகர்களைக் கலங்கச் செய்தார். 1769 ஏப்ரலில் ஹைதர் அலி சென்னைக் கோட்டையின் வாயிலருகே நின்று கும்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்கச் செய்தார்.

1780 செப்டம்பரில் நடந்தவையும் இவ்வட்டாரத்திலேயே நடந்தன. வடக்கேயிருந்து காஞ்சிபுரம் நோக்கி வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லியின் படையைச் செப்டம்பர் 6ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்பு தாக்கினார். நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 10ஆம் நாள், காஞ்சிக்கு வடக்கேயுள்ள புள்ளலூரில் அப்படை முற்றாக அழிந்தது. மைசூரார் ஏவிய அம்புவாணங்கள் அப்போரில் பேர்பெற்றன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சிறைப்பட்டார். காஞ்சியில் காத்திருந்த ஹெக்டர் மன்றோ தம் பெரும் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நடந்த இரண்டாம் போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் புள்ளலூர் வயல்களுக்கிடையே நிற்கின்றன. முதற்போரின் வெற்றியோ ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாக விளங்குகின்றது. எனினும், அப்போர்களில் இப்பகுதிச் சிற்றூர்கள் எரிந்ததையும், பயிர் அழிந்து மக்கள் பசியால் வாடியதையும் மறைத்துவிட்டு வெற்றியை மட்டும் எழுதுவது முறையாகாது. வென்றவர் எவராயினும் அதன் விலையைக் கொடுத்தவன் உழவனே.

1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகே பாசறையில் ஹைதர் அலி வஃபாத்தானார். அப்போது மலையாளக் கரையில் போர்முனையில் இருந்த திப்பு விரைந்து வந்து ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1784 மார்ச் 11ஆம் நாள் மங்களூரில் கும்பெனியாருடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பின்னரே, நாட்டைச் சீர்செய்யும் ஓய்வு அவருக்குச் சிறிது வாய்த்தது.

அந்நாளைய தென்னாட்டுச் சந்தைக்கு ஒரு வணிகன் சென்றான் என்று கொள்வோம். அவன் மடியில் எத்தனை வகைக் காசுகள் இருந்திருக்கும்! இக்கேரி வராகன், பகதூரி வராகன், சென்னைக் கும்பெனியாரின் நட்சத்திர வராகன், நம் மரைக்காயர் வாழும் பரங்கிப்பேட்டையின் பெயர் தாங்கிய வராகன், மைசூர் மன்னர் கண்டீரவ நரசராச உடையார் காலந்தொட்டு வழங்கிய கண்டீரவப் பணம், ஆற்காட்டு ரூபாய், புதுச்சேரி ரூபாய் என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் எடை வேறு, மாற்று வேறு. சென்னைக் கணக்கிலோ 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அஃதாவது, ஒரு வராகனுக்கு 3,360 காசு! இக்கணக்கை நாள்தோறும் போட்ட கணக்குப்பிள்ளைகளின் பொறுமையை வியக்கத்தான் வேண்டும். ஒரு காசைக் கொடுத்து மற்றொரு காசை வாங்கும்போதெல்லாம் சராப்பு ஒரு வட்டம் பிடித்துக்கொள்வார். பொன்னை உரைத்து மாற்றறியும் தொழில் நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனார் என்பவரின் பெயரிலேயே நாணயம் நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் வண்ணக்கன் என்னும் சொல் உள்ளது. ஆனால், உரைகல் வைத்திருப்பவனுக்குத் தெரிந்தது உழவனுக்குத் தெரியாது. தானியம் விற்ற பணத்தைத் தீர்வையாகக் கட்டும்போது இடையில் எத்தனை வட்டம் கழிந்தது என்பதை அவன் அறியான். அரசின் கருவூலத்திற்கும் இதே துன்பம் இருந்தது.

ஹைதர் அலி இதில் கைவைக்கவில்லை. 1763இல் பெத்னூரை வென்றபோது, அங்கு வழங்கிய இக்கேரி வராகனின் முகப்பில் சிவனும் பார்வதியும் அமர்ந்திருந்தனர். ஹைதர் அவ்வுருவத்தை அப்படியே இருக்கவிட்டு, மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தாகிய அரபு ஹே எழுத்தை மட்டும் பொறித்தார். இதனை மார்க்க அறியாமை என்று கருதுவார் உளர். ஆனால், இஸ்லாமிய வரலாறு அறிந்தோர் அவ்வாறு விரைந்து கூறமாட்டார். முதற்கலீபாக்களின் காலத்தில் அரபு நாட்டில் புழங்கியவை ரோமப் பேரரசின் பொற்காசும் பாரசீகத்தின் வெள்ளிக்காசுமே. அவற்றில் அந்நாட்டு அரசர்களின் உருவங்கள் இருந்தன. உமைய்யாக் கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அஃதாவது கி.பி. 696–697இல், உருவம் நீக்கி எழுத்து மட்டும் பொறித்த தீனாரை வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது. மக்கள் நம்பிப் பழகிய காசை மாற்றுவதற்கும் ஒரு காலம் கனிய வேண்டும். தந்தை அப்பழைய நிலையில் நின்றார்; மகன் அப்துல் மலிக்கின் நிலையில் நின்றார்.

திப்பு செய்த சீர்திருத்தத்தின் உயிர்நிலை, எதை மாற்றினார், எதை மாற்றாது விட்டார் என்பதிலேயே உள்ளது. காசின் முகத்தை மாற்றினார், பெயரை மாற்றினார். வராகனின் எடையை மட்டும் மாற்றவில்லை. புதிய வராகனுக்கு இரண்டாம் கலீபா உமர் பாரூக் (ரலி) அவர்களின் நினைவாகப் பாரூக்கி என்று பெயரிட்டார். அதன் எடை ஏறக்குறைய 3.4 கிராம், பழைய வராகனின் எடையும் அதுவே. அதனினும் இருமடங்கு எடையுள்ள பொற்காசு, அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் பெயரால் சித்தீக்கி எனப்பட்டது. நான்கு வராகன் எடையுள்ள பெருங்காசு, பெருமானார் (ஸல்) அவர்களின் அஹ்மது என்னும் திருநாமத்தால் அஹ்மதி ஆயிற்று; அதன் எடை 13 கிராமுக்கும் மேற்பட்டது. வராகனில் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள சிறு பொற்பணத்திற்கு ராஹத்தி என்று பெயர்.

அவருடைய தனித்த சாதனை வெள்ளியில்தான் வெளிப்படுகின்றது. தென்னாடு பொன்னும் செம்பும் வழங்கிய நாடு. ஹைதர் காலத்து மைசூர்க் காசுகளும் அவ்விரு உலோகத்தனவே எனலாம். திப்பு வெள்ளியில் ஏழு படிகளை அமைத்தார். ஒரு ரூபாய்க்கு இமாமி என்று பெயர், ஏறக்குறைய 11.4 கிராம் எடையுள்ள அது, ஷெர்ஷா வகுத்து முகலாயர் போற்றிய ரூபாயின் எடையை ஒட்டியது. இரட்டை ரூபாய் ஹைதரி. அலி (ரலி) அவர்களின் சிறப்புப் பெயரும் தம் தந்தையாரின் பெயரும் அதில் ஒருங்கே அமைந்தன. அரை ரூபாய் ஆபிதி, கால் ரூபாய் பாகிரி, அரைக்கால் ஜஃபரி, வீசம் காழிமி என்று இமாம்களின் பெயர்கள் இறங்கி வர, முப்பத்திரண்டில் ஒரு பங்காகிய மிகச் சிறு காசு ஹிழ்ரு (அலை) அவர்களின் பெயரால் கிழ்ரி எனப்பட்டது. ஒவ்வொரு படியும் மேலதன் நேர்பாதி. மேற்கூறிய 3,360 காசுக் கணக்கோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தறியாத குடியானவனும் கைவிரலில் கணக்கிடக்கூடிய முறை இது.

செப்புக்காசுகளில் யானை உருவம் தொடர்ந்து பொறிக்கப்பட்டது. அவற்றின் பெயர்கள் பின்னாளில் வானத்துக் கோள்களையும் விண்மீன்களையும் தழுவின. வெள்ளியாகிய சுஹ்ரா, செவ்வாயாகிய பஹ்ராம், துருவ மீனாகிய குத்பு என்பன அவை. அவற்றுள் பெரிய செப்புக்காசு முதலில் உஸ்மானி என்று வழங்கிப் பின்னர் வியாழனைக் குறிக்கும் முஷ்தரி என மாறியது. மற்றக் கலீபாக்களின் பெயர்கள் பொன்னிலும் வெள்ளியிலும் இருக்க, உஸ்மான் (ரலி) அவர்களின் பெயர் மட்டும் செம்பில் இருப்பது தகாது என்று யாரேனும் எடுத்துரைத்திருக்கக்கூடும். இது என் ஊகமே.

இத்தனை பெயர்களைப் பொறித்தவர் தம் பெயரை நேராகப் பொறிக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. தில்லிப் பேரரசர் ஷா ஆலத்தின் பெயரையும் அவர் இடவில்லை. கும்பெனியாரே அப்பேரரசரின் பெயரால் ரூபாய் அடித்துவந்த காலம் அது. பெயரளவிலும் எவருக்கும் கீழ்ப்படியாத அரசு தம்முடையது என்பதை அவருடைய காசு அறிவித்தது. ஆயினும், தந்தையாரின் ஹே எழுத்தை அவர் பாரூக்கியில் விடாது பொறித்தார். அதனைக் கண்ட வணிகன், இது பழைய பகதூரியின் வழிவந்ததே என்று நம்பிக் கைநீட்டினான்.

எல்லாம் செம்மையாகவே நடந்தது என்று கூறுவதற்கில்லை. 1787ஐ ஒட்டி, காசுகளில் ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, பெருமானார் (ஸல்) அவர்களின் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட மௌலூதி ஆண்டைப் பொறிக்கத் தொடங்கினார். சந்திர ஆண்டு பருவங்களோடு ஒத்துச் செல்லாது. அறுவடையை ஒட்டித் தீர்வை வாங்கும் அரசுக்குப் பருவத்தோடு ஒத்த ஆண்டு தேவை. ஆதலின் நம் நாட்டுப் பஞ்சாங்க முறையைத் தழுவி மாதங்களை அமைத்தார். இது அறிவுடைமை. ஆனால், எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அரபு எழுத்து வலமிருந்து சென்றாலும் அரபு எண்ணை இடமிருந்தே எழுதுவது உலக வழக்கு. 1215 என்னும் ஆண்டு, பழகிய கண்ணுக்கு 5121 போலத் தோன்றும். இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. ஊர்களின் பெயர்களையும் மாதங்களின் பெயர்களையும் அளவைகளின் பெயர்களையும் ஒருசேர மாற்றியதும் மக்களுக்குச் சுமையாகவே இருந்திருக்கும். மாற்றிய ஊர்ப்பெயர்களுள் பல மறைந்தன. கோழிக்கோட்டுக்கு அருகே பரூக்கி மட்டும் பெரோக் என்று நிலைத்துவிட்டது.

பொன், வெள்ளி இரண்டையும் ஒருங்கே வழங்கும் அரசுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. அவ்விரண்டின் மதிப்பும் சந்தையில் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கும். இங்கிலாந்தின் நாணயச்சாலைத் தலைவராயிருந்த பேரறிஞர் ஐசக் நியூட்டன் 1717இல் பொற்கினிக்கு 21 ஷில்லிங் என்று வரையறுத்தபோது, பொன்னுக்குச் சற்றே மிகுந்த மதிப்பு அமைந்துவிட்டது. வெள்ளி நாட்டைவிட்டு வெளியேறிற்று. நியூட்டனாலேயே அடக்க இயலாத அந்த ஏற்ற இறக்கத்தைத் திப்புவாலும் அடக்க இயலவில்லை. சராப்பின் பலகை சந்தையை விட்டுப் போகவில்லை. ஆனால், ஓர் உலோகத்திற்குள்ளேயே இருந்த குழப்பம் குறைந்தது.

பத்துக்கும் மேற்பட்ட அக்கசாலைகளில் காசு அடிக்கப்பட்டது. பட்டண் எனப் பொறித்த ஸ்ரீரங்கப்பட்டணமும் நகர் எனப் பொறித்த பெத்னூரும் அவற்றுள் தலையாயவை. சந்தனம், மிளகு, ஏலம் ஆகியவற்றின் வணிகத்தை அரசே மேற்கொண்டு, மஸ்கத்தில் பண்டகசாலையும் நிறுவிற்று. அரசின் வணிகத்தில் குடிகளும் முதலிடலாம் என அவர் வகுத்த விதி வியப்பூட்டுவது. 5 முதல் 500 இமாமி வரை இட்டவர்க்கு ஆண்டிறுதியில் நூற்றுக்கு 50 ஊதியம்; 500 முதல் 5,000 வரை இட்டவர்க்கு 25; அதற்கும் மேல் இட்டவர்க்கு 12. சிறிது இட்டவனுக்கே பெரிய பங்கு! முன்கூட்டியே வரையறுத்த ஊதியம் மார்க்கச் சட்டப்படி எத்தகையது என்பதை ஆலிம் பெருமக்கள்தாம் ஆராய வேண்டும். ஏழைகளின் பானையிலும் முடிச்சிலும் முடங்கிக் கிடக்கும் காசை வெளிக்கொணர அவர் எண்ணினார் என்பது மட்டும் தெளிவு.

1791இல் மராட்டியப் படையைச் சேர்ந்த கொள்ளையர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடினர். மடத்தின் தலைவர் திப்புவுக்கு முறையிட்டார். சாரதா தேவியின் திருவுருவை மீண்டும் நிறுவுவதற்கென நகர் அதிகாரி வழியாக 200 ராஹத்தி ரொக்கமும் 200 ராஹத்தி பெறுமான தானியமும் வழங்கத் திப்பு ஆணையிட்டார். 1916இல் மைசூர்த் தொல்லியல் துறை இயக்குநர் நரசிம்மாச்சார் அம்மடத்தில் கண்டெடுத்த கடிதங்கள் இதற்குச் சான்று. குடகிலும் மலையாளத்திலும் கிளர்ந்தோரை அவர் கடுமையாக ஒடுக்கியதை மறுப்பதற்கில்லை. அந்நாட்டு மக்களின் நினைவில் அது வடுவாகவே உள்ளது. இரண்டையும் ஒருங்கே வைத்து அவரை எடைபோடுவதே நேர்மை. உரைகல்லில் பொன்னின் ஒரு பக்கத்தை மட்டும் உரைத்து மாற்றுக் கூறும் வண்ணக்கன் நல்ல வண்ணக்கன் அல்லன்.

அவர் நாணயத்திற்கு உண்மையான சோதனை 1792இல் வந்தது. கும்பெனியாரும் மராட்டியரும் நிஜாமும் கூடிச் ஸ்ரீரங்கப்பட்டணத்தை வளைத்தனர். உடன்படிக்கையின்படி நாட்டில் ஏறக்குறையப் பாதி போயிற்று. திண்டுக்கல்லும், சேலம், கிருஷ்ணகிரி வட்டாரங்களை உள்ளடக்கிய பாராமகாலும் அதில் அடங்கும். அதற்கு மேல் 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். பாதித் தொகையை உடனே கட்ட வேண்டும். எஞ்சியதை மூன்று தவணைகளில் தீர்க்க வேண்டும். முழு எடையும் உரிய மாற்றும் உடைய வராகன், மொகரா, ரூபாய் ஆகியவற்றாலோ, பொன், வெள்ளிக் கட்டிகளாலோ கட்ட வேண்டும் என்று உடன்படிக்கையே விதித்தது. பணம் தீரும்வரை பிணையாக, பத்து வயதை ஒட்டிய அப்துல் காலிக், முயிஸுத்தீன் என்னும் இரு புதல்வர்களைக் காரன்வாலிஸ் பிரபுவிடம் ஒப்படைத்தார் திப்பு. பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

அரசர்கள் இத்தகைய நெருக்கடியில் செய்வது ஒன்றுண்டு. பொன்னில் சிறிது செம்பைக் கூட்டுவர். எடையில் சிறிது குறைப்பர். பழைய முத்திரை, புதிய மோசடி. தில்லியில் முஹம்மது பின் துக்ளக் 1330ஐ ஒட்டிப் பித்தளைக்கும் செம்புக்கும் வெள்ளியின் மதிப்பைக் கற்பித்து, வீடுதோறும் கள்ளக்காசு பெருகி, இறுதியில் கருவூலத்தைத் திறந்து அவற்றை மீட்க நேர்ந்த வரலாற்றைத் திப்பு அறியாதவர் அல்லர். 1792க்குப் பின்னர் அடித்த பாரூக்கிகளும் இன்று கிடைக்கின்றன. தராசில் இட்டால் அவை முந்தைய பாரூக்கிக்குக் குறைந்தனவாக இல்லை, அதே 3.4 கிராம். கருவூலம் போதாமல் அதிகாரிகள், படையினர், குடிகள் எல்லார்மீதும் சுமை விழுந்தது. அச்சுமை கொடிதே. ஆனால், அது வெளிப்படையாக விழுந்த சுமை. காசுக்குள் ஒளித்து வைத்த சுமை அன்று. தண்டம் கட்டித் தீர்ந்து 1794இல் பிள்ளைகள் தந்தையிடம் திரும்பினர்.

1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. நீர்வாயிலின் அருகே போரிட்டவாறே திப்பு ஷஹீதானார். மறுநாள், லால்பாக்கில் பெற்றோரின் பக்கத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார்.

அடுத்த ஆண்டு கும்பெனியாரின் ஆணையால் மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், சந்தைகளில் வழங்கிய காசுகளைக் குறித்து வைத்தார். பாரூக்கியை மக்கள் சுல்தானி வராகன் என்றே அழைத்தனர். அவர் ஆய்ந்து சூட்டிய பெயரை விடுத்து, அவரையே பெயராக்கிக் கொண்டனர். உடையார் மரபு அரியணை ஏறியபோது பொற்காசில் சிவனும் பார்வதியும் மீண்டும் அமர்ந்தனர். வராகனின் எடை மாறவில்லை. செப்புக்காசில் யானையும் நிலைத்தது. கும்பெனியார் 1818இல் சென்னை மாகாணத்திற்கும், 1835இல் தம் ஆட்சிப் பரப்பு முழுமைக்கும் வெள்ளி ரூபாயைப் பொது நாணயமாக்கினர். அதன் பின்னர் வராகன் நகையாகவும் புதையலாகவுமே எஞ்சியது.

திப்புவின் மக்கள் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் எழுந்த சிப்பாய்ப் புரட்சிக்குப் பின்னர் கல்கத்தாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1799ஆம் ஆண்டின் பங்கீட்டு உடன்படிக்கையில் ஹைதர், திப்பு இருவர் குடும்பங்களின் பராமரிப்புக்கென ஆண்டுதோறும் ஒதுக்கிய தொகை காணப்படுகின்றது. 2 லட்சம் நட்சத்திர வராகன்; அதுவே கண்டீரவ வராகன் கணக்கில் 2,40,000. அப்பட்டியலில் பாரூக்கி என்னும் சொல் இல்லை.